பல்லில் தட்டிய முட்டை

மார்ச் 29, வெள்ளி

நேற்று கீழ்த்தாடையில் இரண்டு திருகுகளை இறக்கினார்கள். சாயங்காலமே அவற்றின் மேல் பல் செட்டையும் மாட்டி அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வருடமாக வாயில் நீந்திக்கொண்டிருந்த செட் இன்று அசையவே இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. டாக்டர் நெவேனா சொன்னது காதிலேயே நிற்கிறது. "உங்க எலும்பு ரொம்ப மெல்லிசு தெசாங்கா. இந்த ரெண்டும் பிடிச்சா உண்டு. விட்டுடுச்சுன்னா இன்னொண்ணு போட அங்க இடமே கிடையாது."

மிலுடின் காலையிலிருந்து எனக்காக சூப் காய்ச்சுகிறார். நாற்பத்தோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவருடைய முதல் சமையல். உப்பு போட மறந்துவிட்டார், நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, சனி

பாலில் ஊறவைத்த ரொட்டி. மறுபடியும்.

ஏப்ரல் 18, வியாழன்

கருவியை வைத்து டாக்டர் பிடிமானம் அளந்தார். வலது எழுபத்தொன்று, இடது அறுபத்து நான்கு. நல்ல எண்களாம். "ஆனா இனிமேதான் ஜாக்கிரதை. மூணாவது வாரத்துலேர்ந்து ஆறு, ஏழு வாரம் வரைக்கும் பழைய எலும்பு பிடியை விடும், புதுசு இன்னும் முளைச்சிருக்காது. கொட்டை, மிட்டாய், ஆப்பிள் எதையும் தொடாதீங்க."

பிடியை விடும் என்று ஒரு மனுஷியிடம் இப்படியா சொல்வது? எச்சில் விழுங்கும்போதுகூட உள்ளே என்ன நடக்கிறது என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மே 3, பெரிய வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

முதல் முட்டையை வெங்காயத் தோலில் சிவப்பாக்கி, வீட்டுக் காவலுக்கு என்று சாமி படத்தின் முன்னால் வைத்தேன். மீதி நாற்பது, ஞாயிற்றுக்கிழமை முட்டை மோதலுக்கு. முட்டையோடு முட்டையை இடித்து, யாருடையது கடைசிவரை உடையவில்லையோ அவருக்குத்தான் கோப்பை. என் பல் இருந்த காலத்தில் ஒவ்வொரு முட்டையையும் முன்பல்லில் தட்டி, ஓட்டின் சத்தம் கேட்டு, கெட்டியானதை மிலுடினுக்குப் பொறுக்கிக் கொடுப்பேன். ஏழு வருடம் அவர்தான் ஜெயித்தார். ஆடுகிற செட்டில் தட்டினால் என்ன கேட்கும்? பல் போனதிலிருந்து பக்கத்து வீட்டு லாஸர்தான் ஜெயிக்கிறான். "உன் பொண்டாட்டி பல்லோட உன் பட்டமும் போச்சுடா!" என்று வருடா வருடம் வேலி ஓரம் நின்று கத்துவான்.

மிலுடின் வினிகர் வாங்கப் போயிருந்தார். ஒரு முட்டையைத் துடைத்தேன். கை தானாக மேலே போய்விட்டது. சத்தியமாகத் தானாகத்தான்! கீழ் முன்பல்லில் லேசாக ஒரு தட்டு.

கேட்டது. வாயில் இல்லை, தாடை வழியாக ஏறி, காதுக்குப் பின்னால் வந்து கணீரென்று நின்றது. ஒன்பது வருடம் கழித்து! அழுதுவிட்டேன். அப்புறம் இன்னொன்று. அப்புறம் — ஏன் நிறுத்தவில்லை? நாற்பதையும் தட்டினேன். மூன்றைத் தனியே எடுத்து வைத்தேன்.

வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ரோஸ் நிறத்தில் வந்தது. அப்போதுதான் வாரத்தை எண்ணிப் பார்த்தேன். ஐயோ, ஐந்து முடிந்து ஆறாவது.

மே 5, ஈஸ்டர் ஞாயிறு

மிலுடின் ஜெயித்துவிட்டார். லாஸரின் முட்டை மூன்றாவது சுற்றிலேயே நொறுங்கியது. "இந்த மூணையும் எப்படிப் பொறுக்கினே?" என்று என்னைக் கேட்டார். கை ராசி என்றேன். ஆட்டுக்கறியைத் தொடவில்லை. இடது பக்கம் விண்விண் என்று தெறிக்கிறது.

மே 7, செவ்வாய்

நாக்கால் தொட்டுப் பார்த்தேன். அசைகிறது. இல்லை, அசையவில்லை. அசைகிறதோ?

மே 9, வியாழன்

இடது ஐம்பத்திரண்டு. எக்ஸ்ரேயில் திருகின் கழுத்தை ஒட்டி மெல்லிய கறுப்புக் கோடு, எலும்பு இருந்த இடத்தில்.

"கடினமா ஏதாவது கடிச்சீங்களா?"

இல்லை என்றேன். மேலங்கியை மாட்டிக்கொண்டு கதவு வரை போனேன். வீட்டுக்குப் போய் இந்தப் பொய்யோடு எப்படி உட்காருவது? திரும்பி வந்தேன்.

"முட்டை" என்றேன்.

"வேகவச்ச முட்டை மெத்துனுதானே இருக்கும்?"

"ஓட்டோட."

அவரும் இந்த ஊர்க்காரர்தானே. பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை?"

"நாற்பது."

கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "எங்கம்மாவும் தட்டுவாங்க. கொட்டை, ஆப்பிள்னு பட்டியல் போட்ட எனக்கு இது தோணலை பாருங்க." இடது திருகின் தலையில் செட்டைப் பிடித்திருந்த குமிழைக் கழற்றி, செட் அந்தத் திருகை அழுத்தாதபடி தாழ்வான மூடி போட்டார். மூன்று மாதம் கூழும் சூப்பும். பிழைக்குமா என்று கேட்டேன். "தெரியலை" என்றார்.

மிலுடினிடம் சொன்னேன். "பட்டம் யாருக்குடி வேணும்?" என்றார். அலமாரியிலிருந்த கோப்பையை எடுத்துப் பரணில் போட்டார்.

ஜூன் 20, வியாழன்

எனக்குக் கூழ் என்றால் அவருக்கும் கூழ். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. இளைத்துப்போய்விட்டார். எனக்குப் பயம் போகவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

இடது அறுபத்தாறு. குமிழை மறுபடி மாட்டினார்கள். எலும்பு இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. "நின்ன மாதிரிதான் தெரியுது. ஒரு வருஷப் படம் பாத்துட்டுத்தான் சொல்லணும்." இன்னும் ஏழு மாதம் இதே பயம்.

மார்ச் 27, வியாழன்

இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எலும்பின் கோடு ஆகஸ்டில் இருந்த அதே இடத்தில். "இறங்கலை" என்றார். முட்டையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மிலுடின் கூடையை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நானே கண்ணால பாத்துப் பொறுக்கிக்கறேன்" என்றார்.

ஒரு முட்டையை எடுத்தேன். கை மேலே போகப் பார்த்தது. விடவில்லை.

"மனுஷா, இங்க வாங்க. வாயைத் திறங்க."

"எதுக்கு?"

அவருக்கு முன்பல் எல்லாம் சொந்தம். என் காதை அவர் தாடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு, முட்டையை அவர் பல்லில் தட்டினேன். மழிக்காத தாடி குத்தியது. ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. இன்னொண்ணு."

பதினோராவது முட்டையில், மெல்லிசாக, கேட்டது.