மணிக்கொரு சொட்டு

பெங்களூரு
12.8.2009

அன்புள்ள வேதநாயகிக்கு,

அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கண் மட்டும்தான். போனில் சொன்னால் அழுவாய் என்று, இன்று ஊருக்கு வரும் சீனுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பொம்மசந்திரா மரப்பட்டறையில் பலகை அறுக்கும்போது கண்ணில் தூள் விழுந்தது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை ஒரு வாரம் நானாகவே விட்டேன். பூஞ்சை நன்றாகப் பிடித்துக்கொண்டது. இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். நேற்று மஞ்சள் மருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணில் நீல வெளிச்சம் காட்டினார்கள். அது பூஞ்சையைக் கொல்லுமாம். புது வைத்தியம். வலிக்கவில்லை.

பக்கத்துக் கட்டில்தான் வலிக்கிறது. கிருஷ்ணப்பாவுக்கும் இதே பூஞ்சை, இதே வெளிச்சம். ஆனால் அவன் பெண்டாட்டி சரசு மணிக்கொரு தடவை அவன் தலையை மடியில் சாய்த்துச் சொட்டு விடுகிறாள். அவன் ராஜா மாதிரி கிடக்கிறான். நானே விட்டுக்கொள்ளும் சொட்டில் பாதி காதுக்குப் போகிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

இன்று சரசு, "அண்ணா, உங்களுக்கும் நானே வுடட்டுமா?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வேணாம்மா. என் வீட்டுக்காரி வெள்ளிக்கிழம வந்துடுவா" என்று சொல்லிவிட்டேன்.

அதனால் நீ வந்தாக வேண்டும். கன்னத்தில் வழிவதைத் துடைக்கப் பழைய வேட்டியைக் கிழித்து எடுத்து வா. சீனு கிளம்பிவிட்டான், முடிக்கிறேன்.

கிருஷ்ணப்பாவுக்கு இன்னொரு கண் நன்றாகத் தெரிகிறது. நீ எனக்குச் சொட்டு விடுவதை அவன் பார்க்க வேண்டும்.

உன்
கவியரசன்