ரேடியேட்டர் தண்ணி

அடையாறு,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

ஜெயஸ்ரீ எழுதுவது. நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். மையத்தில் உங்களுக்குப் போன் தரமாட்டார்கள் என்பதால்தான் எனக்கும் கடிதம் எழுத வரும் என்று தெரிந்தது. சாப்பாட்டில் காரமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். குடியை நிறுத்தப் போன இடத்தில் விருந்தா வைப்பார்கள்?

டாக்ஸி சும்மா நின்றால் கெட்டுப்போகும், சிகிச்சை பாதியானாலும் பரவாயில்லை, வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போ என்றும் எழுதியிருக்கிறீர்கள். வண்டி நிற்கவில்லை. பெசன்ட் நகரில் நீங்கள் ஓட்டக் கற்றுக்கொடுத்த தைரியத்தில் நான்தான் ஓட்டுகிறேன். உங்கள் வாடிக்கை சரோஜாதேவி மேடத்தைத் தினமும் பெருங்குடி ஆபீசில் விட்டுக் கூட்டி வருகிறேன்.

ஆனால் வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. சிக்னலில் நின்றால் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறும். ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடும். உங்களுக்கும் சும்மா இருக்கும் லீவு நாளில்தானே குடி ஆரம்பிக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மத்திய கைலாஷ் சிக்னலில் முள் சிவப்புக்கே போய்விட்டது. ஏசியை அணைத்து, நீங்கள் எப்போதோ சொன்னபடி ஹீட்டரைப் போட்டேன். இன்ஜின் சூட்டை அது கொஞ்சம் வெளியே இழுக்குமாமே. மேடம் தலைப்பால் விசிறிக்கொண்டே, இந்த வெயிலில் ஹீட்டர் போட்ட டிரைவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்துவிட்டு, நன்றாக ஆறும்வரை எதையும் தொடவில்லை. பிறகு பார்த்தால் கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்திருந்தது. டிக்கியில் நீங்கள் ‘ரேடியேட்டர் தண்ணி’ என்று எழுதி வைத்திருந்த கேனை எடுத்து ஊற்றினேன்.

குப்பென்று வாசனை வந்தது. கேனில் இருந்தது ரேடியேட்டருக்கு ஊற்றுகிற தண்ணி இல்லை, நீங்கள் அடிக்கிற தண்ணி. நிறமே இல்லாமல் இருக்குமே, அந்த வோட்கா. நீங்கள் பொய்யும் எழுதவில்லை, தண்ணி என்றுதான் எழுதியிருந்தீர்கள். நடுரோட்டில் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் பாப்பாவின் நினைவு வந்தது. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன வண்டியில் அது இருந்திருக்கிறது. மேடம் ஆஸ்பத்திரி வாசனை வருதே என்று கேட்டார். சானிடைசர் கொட்டிவிட்டது என்றேன். உங்களுக்காக நான் சொல்லும் கடைசிப் பொய் அதுதான்.

மேடத்தை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மயிலாப்பூரிலிருந்து மெக்கானிக் ஹனீஃபா பாயை வரவழைத்தேன். டப்பா மூடியைத் திறந்ததும் என்னைப் பார்த்தார். “இன்னாம்மா, வண்டிக்கும் ஊத்திக் குட்த்துட்டியா?” என்றார். என் முகத்தைப் பார்த்ததும் குனிந்து வேலையில் இறங்கினார். ரேடியேட்டர் விசிறி சுற்றாததுதான் கோளாறாம். ஓடும்போது எதிர்காற்றே ஆற்றிவிடும், நின்றால் விசிறிதான் ஆற்ற வேண்டுமாம். மோட்டாரை மாற்றினார். உள்ளே இருந்ததை எல்லாம் வடித்துக் கழுவிவிட்டுப் புதுக் கூலன்ட் ஊற்றினார். அரைகுறையாக ஆறும்போதே அவசரப்பட்டு எடுத்திருந்தால் இன்ஜினே போயிருக்கும் என்று சொன்னார். நேற்றும் இன்றும் பெருங்குடி போய்வந்தேன். எந்தச் சிக்னலிலும் முள் அசையவில்லை.

வீட்டில் வேறு எங்கேயும் நான் தேடவில்லை. பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுப் பாட்டில் தடவுகிற பெண்டாட்டியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் ஏதாவது இருந்தால் நீங்களே எழுதுங்கள். கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன், நிறைய இருக்கிறது. ஆனால் நீங்கள் இல்லாத வீடு அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் முழுசாகக் குணமாகித் திரும்ப வேண்டும், அதனால்தான் கையெழுத்துப் போடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோடு பார்க்க வருகிறேன், நம் வண்டியில்தான். வாசலில் அதைப் பார்த்ததும் ஏறி உட்கார்ந்துவிடாதீர்கள். இறங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. நாங்கள் கிளம்பும்போது அங்கேயே நின்று கையாட்டி அனுப்பிவையுங்கள், என் சாமி இல்லையா.

உங்கள்
ஜெயஸ்ரீ