குப்புறப் படுத்த கதை

குவைத்,
ஞாயிறு

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் நோவு குறைந்ததா? போனில் பேசினால் என் அடைத்த குரலைக் கேட்டுப் பயப்படுவீர்கள் என்றுதான் இதை எழுதி, தங்கச்சி பஹீமாவின் போனுக்குப் படமெடுத்து அனுப்புகிறேன். அவள் வாசித்துக் காட்டுவாள்.

எனக்கும் கொரோனா வந்து போய்விட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்சம் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி வார்டில் டொக்டர் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். சின்ன வயதில் அப்படிப் படுத்தால், "அல்லாஹ்வுக்குப் பிடிக்காத படுக்கை இது மகன், திரும்புங்க" என்று முதுகில் தட்டுவீர்களே!

அவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். நோய் முதலில் பரவிய ஏதோ ஒரு நாட்டு டொக்டர்மார், மூச்சு மெஷின் போதாத நேரத்தில் இப்படிப் படுக்கவைத்துப் பார்த்து, கண்டதையெல்லாம் எழுதி, யாரும் வாசிக்கட்டும் என்று இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டார்களாம். படுத்தேன் உம்மா. பின்னேரமே மூச்சு இலேசானது. என் விபரத்தையும் பெயரில்லாமல் எழுதிப் போடலாமா என்று கேட்டார். ஓம் என்றேன். அதைப் பார்த்து வேறெங்கோ ஒருவன் மூச்சு விடட்டும்.

பக்கத்து வீட்டு ஹமீட் மாமாவுக்கும் மூச்சு முட்டுகிறதாமே. உடனே வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். குப்புறப் படுக்கச் சொன்னால் என்னைப்போல் அடம்பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் குரலில் ஒரு வொயிஸ் அனுப்புங்கள். ஏசினாலும் பரவாயில்லை. வேலைக்குப் போகும் பஸ் வரும் நேரமாகிவிட்டது.

இப்போது பழையபடி வலப்பக்கமாகத்தான் படுக்கிறேன். நேற்று மட்டும் நித்திரையில் குப்புறப் புரண்டுவிட்டேன். விடியும்வரை யாரும் முதுகில் தட்டவில்லை.

உங்கள் மகன்,
மின்ஹாஜ்