ரெண்டு வீட்டுக்குத் தாங்குற பேட்டரி

என்னங்க, உங்களுக்கு என் கும்பிடு. சாமி புண்ணியத்துல நான் சுகம். உங்க மூச்சிரைப்பு எப்படி இருக்கு?

கரண்டு போனப்ப, தன் இன்வெர்ட்டர்லேர்ந்து உங்க மூச்சு மெஷினுக்கு வந்த ஒயரை உங்க தம்பி புடுங்கினது என் வயித்துல இன்னும் எரியுது. நான் வேலை செய்யுற வீட்டுல சோலார் பேட்டரி மாட்ட வந்தவர்கிட்ட விசாரிச்சேன்.

"மெஷினுக்குன்னா சின்னதே போதும்மா."

"ரெண்டு வீட்டுக்குத் தாங்கணும் தம்பி. என் கொழுந்தன் வீட்டுக்கும் சேர்த்து."

"நல்ல மனசும்மா உங்களுக்கு!"

மனசாவது மண்ணாங்கட்டியாவது! லித்தியம் பேட்டரியே வாங்குங்க, தண்ணி ஊத்துற பழைய மாதிரின்னா நீங்க ஊத்த மறந்துருவீங்க. உங்க தம்பி தன் இன்வெர்ட்டர் தீந்துபோய் ஒயர் கேட்டா குடுங்க. ஆனா நம்ம வாசல்ல நின்னு, வாயத் தொறந்து கேக்கட்டும். தினம் சாமிகிட்ட அதைத்தான் வேண்டிக்கிறேன்.

மெஷின் ஓடுற சத்தத்தைப் போன்ல பதிஞ்சு அனுப்புங்க. அது இல்லாம இங்க தூக்கமே வரல. வீட்டுக்காரம்மா கூப்பிடுறாங்க, ஓடுறேன். அவன் கேட்ட அன்னிக்கே எழுதுங்க.