சத்தம் குறையாத மூன்றாம் வகுப்பு

பள்ளிக்கூடத்து ஹாலுக்கு நடுவே இந்த வாரம் சுவர் எழுப்பிவிட்டார்கள். பூச்சு இன்னும் காயவில்லை. காலையில் கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனை முகத்தில் அடித்தது. நம் ஆம்பூரில் அந்த வாசனைக்குப் பஞ்சமில்லை. தோல் ஊறும் தொட்டிகளிலிருந்து நாள் முழுக்க வருவதுதான். ஆனால் இது நீயும் நானும் முதுகுக்கு முதுகு நின்று பாடம் நடத்திய இடத்திலிருந்து வந்தது. கையிலிருந்த சாக்குக்கட்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே ஹாலில் உனக்கு மூன்றாம் வகுப்பு, எனக்கு நான்காம் வகுப்பு. நடுவில் ஒரு தட்டிகூடக் கிடையாது. நான் பூகோளம் சொன்னால் உன் பிள்ளைகள் தலையைத் திருப்புவார்கள். உடனே நீ குரலை ஏற்றுவாய். நான் இன்னும் ஏற்றுவேன். சாயந்திரம் இருவருக்கும் தொண்டை கட்டிப் போயிருக்கும். "அக்கா, நாம டீச்சருங்களா, ஏலம் போடறவங்களா?" என்று கேட்டுச் சிரிப்பாய். உன் முகத்தைப் பார்த்ததைவிட உன் குரலைக் கேட்டதுதான் அதிகம்.

மணி அடிக்குமுன் இன்னொரு வேலை இருந்தது. தோல் தொட்டி வேலைக்குக் கிளம்பும் குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போய்விடும். தலைகள் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்று பள்ளிக்கூட மானேஜருக்குப் பயம். அதனால் நாம்தான் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்துவர வேண்டும். நீ வாசலில் நின்று கெஞ்சுவாய். முகம் கழுவித் தலை வாரிக்கூட விடுவாய். ஒருமுறை ஒரு தாய், "உனக்கு இன்னாம்மா, நிழல்ல குந்திக்கினு இருக்கிற" என்றாள். நீ அவள் பிள்ளைக்குத் தலை வாரிவிட்டாய். அன்று உன் குரல் கம்மியாகவே வந்தது.

அந்தக் குரல் முழுவதும் நின்றுபோனதை முதலில் அறிந்தவர்கள் உன் பிள்ளைகள். முதுகுக்குப் பின்னால் வாய்ப்பாடு கணீரென்று ஓடிக்கொண்டிருந்ததால் எல்லாம் சரியாக நடக்கிறதென்றே நான் இருந்தேன். ஒருநாள் எதற்கோ திரும்பினேன். நீ கரும்பலகையைப் பார்த்து நின்றிருந்தாய். தூக்கிய கையில் சாக்குக்கட்டி, பலகையில் ஒன்றுமில்லை. பிள்ளைகள் உன் முதுகைப் பார்த்தபடியே ஒரு வாய்ப்பாடு முடிந்ததும் அடுத்ததைத் தாங்களாக எடுத்தார்கள். சத்தம் நின்றால் ஹெட்மாஸ்டர் வந்துவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும். மணி அடித்ததும் உன்னிடம் வந்தேன்.

"தூக்கம் வர்றதில்லையா?" என்று கேட்டேன்.

"தூங்கறேன் அக்கா. எழுந்துக்கத்தான் முடியல. கத்திக் கத்தி உள்ள இருந்ததெல்லாம் தீந்துபோச்சு."

ஹெட்மாஸ்டரிடம் உனக்காக ஒரு மாதம் லீவு கேட்டேன். "காய்ச்சலா, அம்மையா?" என்றார். இரண்டும் இல்லை என்றேன். "அப்போ இன்னாத்துக்கு லீவு?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை மடிக்கத் தொடங்கினார். உன் நோய்க்கு எங்களில் யாருக்கும் பெயர் தெரியவில்லை.

பிறகு பள்ளிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். உன் வேலை அன்றோடு போய்விடும் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். உன் பிள்ளைகள் விடவில்லை. அவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொன்னார்கள். இடையில் மௌனம் விழப் பார்த்தால் வாய்ப்பாட்டைத் தூக்கிவிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்குப் பரம திருப்தி. "டீச்சர் வாயைத் திறக்காமலே கிளாஸ் நடக்குது. இதுதான் திறமை" என்றார்.

மானேஜருக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டாம் வகுப்பு வாத்தியார் அப்போதுதான் விலகியிருந்தார். அந்தப் பிள்ளைகளையும் அங்கேயே உன்னிடம் ஒப்படைத்தார். நீ "சரிங்க" என்றாய். அந்த ஹாலில் நான் கேட்ட உன் கடைசிச் சொல் அது. நான் மானேஜரிடம் சண்டைக்குப் போனேன். "அவங்களே ஒத்துக்கினாங்க, உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்றார்.

மறு வாரம் நீ வரவில்லை. உன் அண்ணன் வண்டி கட்டிவந்து உன்னை உங்கள் ஊரான கலவைக்குக் கூட்டிப்போனார். பேய்க்காற்று பட்டுவிட்டது என்று வேப்பிலை அடித்தார்களாம். நான் பார்க்க வந்தபோது நீ மூலையில் உட்கார்ந்திருந்தாய். நான் பேசிக்கொண்டே இருந்தேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கோடை முடிவதற்குள் நீ போய்ச் சேர்ந்துவிட்டதாக ஆள் வந்து சேதி சொன்னான். என்ன நோய் என்று கேட்டேன். "நோயெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சோறு திங்கறத வுட்டுட்டாங்க" என்றான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இத்தனை வருஷங்களில் உன்னால் எனக்கு ஒரு பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. எந்த வகுப்பிலாவது வாய்ப்பாடு அளவுக்கு மீறிக் கணீரென்று கேட்டால் உள்ளே போய்விடுவேன். பிள்ளைகளைப் பார்ப்பதில்லை, டீச்சரின் உதட்டைப் பார்ப்பேன். கிழவிக்கு வேவு பார்க்கும் புத்தி என்று புதிதாக வந்த பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களில் இரண்டு பேரை இதுவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஹெட்மாஸ்டரிடம் கூசாமல் அம்மை என்று சொன்னேன்; அவர்களின் வகுப்புகளையும் நானே பார்த்துக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் என் பிள்ளைகள் ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லி முடித்தார்கள். அடுத்து என்ன என்று சொல்ல எனக்குக் குரல் எழவில்லை. அவர்கள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, பத்தாம் வாய்ப்பாட்டை இன்னும் உரக்கத் தொடங்கினார்கள்.