நாற்பது பேர் தையல் மண்டபம்

மார்ச் 4
இதை யாரும் நம்பப் போவதில்லை என்று இப்போதே சத்தியம் செய்து வைக்கிறேன். ஒற்றை நாக்கால் ஓர் அரண்மனையை எழுப்பி, அதே நாக்கால் அதை இடிக்க உத்தரவும் வாங்கியவன் உலகத்தில் நான் ஒருவனே.

உத்தரவு காலையில் வந்தது. மொட்டை மாடியில் அனுமதியில்லாமல் கட்டியதைப் பதினைந்து நாளுக்குள் நானே இடிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் நகராட்சி வந்து இடிக்கும்.

அரண்மனை என்பது ஓர் அறை. தங்கை புருஷன் வீட்டை விட்டு வந்தபோது அவசரமாக எழுப்பியது. அங்கேதான் படுக்கிறாள், தைக்கிறாள், பிழைக்கிறாள்.

உத்தரவை நிதானமாகப் படித்தாள். "நாப்பது பேர் வேலை செய்யற தையல் மண்டபம்னு போட்டிருக்கு. மத்த முப்பத்தொம்பது பேரு யாருண்ணா?"

போன மாதம் பார்வையிட வந்த நகராட்சி இன்ஸ்பெக்டரிடம் நான் அளந்தது. அடுத்த வருஷம் இன்னும் மூன்று மாடி, உச்சியில் மணிக்கூண்டு என்றும் சொல்லி வைத்தேன். மனிதர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். சிரிக்காத ஆளைக் கண்டால் எனக்கு வாய் இன்னும் நீளும் — என்ன செய்ய?

மார்ச் 6
வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்க கட்டின ரூமுக்கு அபராதம் கட்டி அனுமதி வாங்கியிருக்கலாம். அவங்க இடிக்கச் சொல்றது நீங்க சொன்ன மண்டபத்தை."

மேல்முறையீடு போடுகிறார். நிபந்தனை ஒன்றே: கோர்ட்டில் நான் வாயைத் திறக்கக் கூடாது. இதற்குத் தூக்குத் தண்டனையே தேவலை.

மார்ச் 11
தெருமுனையில் லாரி திரும்பினாலே இடிக்கத்தான் வருகிறார்கள் என்று வாசலுக்கு ஓடுகிறேன். இன்று வந்தது தண்ணீர் லாரி.

தங்கை மிஷினைப் போர்வையில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். மேலே சத்தமே இல்லை. எங்கே போவாய் என்று கேட்க வாய் வரவில்லை. எனக்கா? எனக்கா வாய் வரவில்லை?

மார்ச் 17
விசாரணை. நீதிபதி அம்மா நகராட்சி வக்கீலைப் பார்த்து, "அளந்தீங்களா?" என்றார்.

"உரிமையாளரே சொல்லியிருக்காரும்மா."

"அளந்தீங்களான்னு கேட்டேன்."

அளக்கவில்லை. நேரில் போய் அளந்து அறிக்கை தரும்வரை ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது என்று தடை கொடுத்தார். நடுவில் நான் எழுந்திருக்கப் பார்த்தேன். வக்கீல் என் காலை மிதித்தார். கால் இரும்புத் தூணைப்போல் வீங்கிவிட்டது.

ஆனாலும் நிம்மதி இல்லை. அளக்க வரப்போவது அதே இன்ஸ்பெக்டர். வீட்டில் இருப்பது அதே நாக்கு.

மார்ச் 20
நாளை வருகிறார். சோறு இறங்கவில்லை.

மார்ச் 21
அவர் படியேறும் சத்தம் கேட்டதும் தங்கை, "வாயைக் காட்டு" என்றாள். தைக்கும்போது தான் உதட்டில் கவ்விக்கொள்ளும் குண்டூசிகளை என் உதட்டில் வரிசையாகச் செருகினாள். "அவர் கீழே இறங்கற வரைக்கும் எடுக்காதே. பேசினா முழுங்கிடுவே."

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவரு ஏன் பேச மாட்டேங்கறாரு?"

"தையல் கத்துக்கறாரு சார்."

"அந்த நாப்பது பேரு?"

"நான் ஒருத்திதான் சார்," என்றாள்.

அதை அவள் சொன்ன விதம்... ஊசி இல்லாவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேன்.

டேப்பின் ஒரு முனையை நானே பிடித்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி. பிறகு அவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து எதையோ நெடுநேரம் எழுதினார். என்ன சார் எழுதறீங்க? கேட்க முடியவில்லையே. ஐயோ, கேட்க முடியவில்லையே.

ஏப்ரல் 9
தீர்ப்பு. இடிப்பு உத்தரவு ரத்து. அபராதம் கட்டினால் அறைக்கு அனுமதி உண்டு. பக்கத்து வீட்டுப் பக்கம் நீண்டிருக்கும் ஜன்னல் சன்ஷேடை மட்டும் எடுக்க வேண்டும்.  கோர்ட்டு வாசலில் தங்கை என் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

ஏப்ரல் 15
இன்று ஆயிரம் யானைகளும் நாற்பது பீரங்கிகளும் வந்து சன்ஷேடைத் தகர்த்தன. ஏழு ஊருக்கு இடி கேட்டது. நான் புழுதிக்கு நடுவே மார்பை நிமிர்த்தி நின்றேன். அந்தப் போர் முழக்கத்திலும் மேலே தையல் மிஷின் நிற்காமல் ஓடியது.

வந்தது ஒரே கொத்தனார். சுத்தியலால் தட்டினார், டீ குடித்தார், போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

மிஷின் ஓடியது மட்டும் உண்மை.