முகம் இல்லாத படம்

அண்ணா,

இன்று காலை கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் இமையைத் தூக்கிச் சொட்டு மருந்து விடப் போனபோது, அவள் கையைத் தட்டிவிட்டேன். குப்பி தரையில் விழுந்து உடைந்தது. "எரியாது பாட்டி, பயப்படாதீங்க" என்றாள். உன்னைப் பற்றி அந்தச் சின்னப் பெண்ணிடம் என்ன சொல்வது?

நம் ஊர் கொட்டாரம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலம். சென்னையில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த நீ, அம்மாவின் முதல் திவசத்துக்கு வந்திருந்தாய். அம்மாவுக்குப் புகைப்படமே கிடையாது. கூடத்தில் மாட்ட அவள் உருவத்தை வரைந்து தரும்படி அப்பா கேட்டிருந்தார்.

சாப்பாடு முடிகிற நேரத்தில், சொந்தக்காரர்கள் முன்னால் படத்தின் மேலிருந்த துணியை நீ விலக்கினாய். முழுக்கக் கரும்பச்சை. ஓரத்தில் மட்டும் மங்கிய மஞ்சள்.

"ஒனக்க அம்மைக்க மொகம் எங்கலே?" என்றார் அப்பா.

"அம்மை சாவும்போ ஜன்னல்ல நின்ன வெளிச்சம்ப்பா இது. மொகத்தவிட எனக்கு அதுதான் ஓர்மை இருக்கு."

சித்தப்பா எழுந்துவந்து படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். "இப்பம் தெரியுதா அண்ணே?" எல்லாரும் எச்சில் கையோடு சிரித்தார்கள். அடுத்த மழைக்கு அந்தப் படம் மாட்டுக்கொட்டகைக் கூரையின் ஓட்டையை அடைத்தது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. உன் கண்ணில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார். தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு வைத்தியரைக் கூட்டிவந்தார். அவர் உன் இமையைப் பிதுக்கிப் பார்த்து, "படலம் கெட்டிருக்கு, அதான் ஆளு தெரியல்ல, நெறம் மட்டும் தெரியுது" என்றார். நீ சிரித்தாய். அப்பா சொன்னார்: "மருந்து போட்டா மெட்ராஸுக்குப் போலாம். இல்லேன்னா நம்ம ஜவுளிக் கடையில இருந்து துணி கிழி."

சென்னைக்குப் போகலாம் என்ற ஒரே ஆசையில் நீ பாயில் படுத்தாய்.

பச்சிலைச் சாறும் ஏதோ பொடியும் கலந்து ஊற்றினார். நீ போட்ட அலறலில் கடைத்தெரு ஆட்கள் ஓடிவந்தார்கள். "எரிஞ்சாத்தான் கேக்கும்" என்று வைத்தியர் மறுநாளும் ஊற்றினார். கண் வீங்கிச் சீழ் கட்டிய பிறகுதான் அப்பா வண்டி பூட்டச் சொன்னார். நாகர்கோவிலில் டாக்டர் பார்த்துவிட்டு, காலம் கடந்துவிட்டது, இனிப் பார்வை திரும்பாது என்றார்.

அப்பா உன்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம், "படம் வரையுத கிறுக்கு ஒருவழியா விட்டுது" என்றார். நீ கேட்கும் தூரத்தில்தான் சொன்னார்.

அதன்பிறகு நீயும் நல்லவனாக இல்லை, அண்ணா. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வயல் என்ன நிறம் என்று கேட்பாய். பச்சை என்பேன். "எந்தப் பச்சைட்டி? பாத்தியா, சும்மா சொல்லுதியா?" என்று கையைத் திருகுவாய். பயத்தில்தான் நான் பார்க்கப் பழகினேன். நாற்றுக்கும் பாசிக்கும் நடுவில் எத்தனை பச்சை உண்டு என்று அழுதுகொண்டே கண்டுபிடித்தேன்.

இராஜாக்கமங்கலத்தில் அத்தை வீட்டுக்குப் போனபோது, கடற்கரையில் நின்று அதே கேள்வியைக் கேட்டாய். "ஈயம் உருகி ஆறின மாதிரி இருக்கு. தூரத்துல ஒரு கோடு, அது மட்டும் ஆறல்ல" என்றேன். அன்றைக்கு நீ கையைத் திருகவில்லை. "எனக்க சாயப் பெட்டிய நீ எடுத்துக்கோ" என்றாய். அந்த மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாய்.

என் படங்களைப் பார்க்க வருகிறவர்கள், யாருடைய தாக்கம் என்று கேட்கிறார்கள். வெளிநாட்டு ஓவியர்களின் பெயர்களைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

கடைசிக் காலத்தில் அப்பா படுக்கையில் கிடந்தபடி என்னைக் கூப்பிட்டார். "மக்கா, எனக்க மொகத்த ஒண்ணு வரைஞ்சு தாயேன்."

என்னால் அச்சு அசலாக வரைந்திருக்க முடியும். "எனக்கு மொகம் வரையத் தெரியாதுப்பா" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. நிறங்களைப் போலவே இந்த இரக்கமின்மையும் உன்னிடமிருந்து எனக்கு வந்ததுதான். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இன்னும் வரைகிறேன்.